தாத்தா இழுத்த விசை

நான் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவன் என்பது என் மாமனாருக்கு இன்றுவரை தெரியாது. அபுதாபியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்பில் மெக்கானிக் என்று சொல்லிவைத்திருக்கிறோம். அவர் அதை டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுகிற வேலை என்று புரிந்துகொண்டு, இதற்கா டிப்ளமோ படிச்சார் என்று என் மனைவியிடம் வருத்தப்பட்டாராம். உண்மையைச் சொன்னால் இன்னும் அதிகமாக வருத்தப்படுவார் என்பதால் மட்டையோடு விட்டுவிட்டோம்.

விமானம் ஏறும்வரை எனக்கே தெரியாதுதான். கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் டூல் ரூமில் இருந்தேன். ஏஜென்ட் 'ஃபைன் மெக்கானிக் வேலை, ஏசி ரூம், உட்கார்ந்தே பார்க்கலாம்' என்றார். கடிகாரம் அல்லது தையல் மெஷின் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே ஒருவர் இரும்புக் கதவைத் திறந்து, சுவர் முழுக்க அடுக்கி நிறுத்தியிருந்த துப்பாக்கிகளைக் காட்டி, "இனிமேல் இதெல்லாம் உன் பிள்ளைகள்" என்றார். ஏசி இருந்தது. உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதும் உண்மை. ஏஜென்ட்டைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கதவைத் திறந்தவர் ரேஞ்ச் மாஸ்டர். சுடுகிற மைதானம் முழுக்க அவர் பொறுப்பு. இங்கிலாந்து ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன கேட்டாலும், ஓய்வு பெற்றது ராணுவம்தான், தான் அல்ல என்கிற தோரணையில் பதில் சொல்வார். கிளப் ருவைஸ் போகும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு பாதையில், மணலுக்கு நடுவே இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் இல்லாத நேரத்தில் சாலையில் டேங்கர் லாரிகள் போகிற இரைச்சல் கேட்கும்.

அங்கே எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் ஆபீஸில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் இருக்கிறதா, போலீஸ் அனுமதி முடியப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எல்லாத் துப்பாக்கியின் நம்பரும் அவருக்கு மனப்பாடம். ஆனால் என் அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. இரும்புக் கதவுக்கு வெளியே, கையில் டீ டம்ளருடன் நின்றபடிதான் பேசுவார். துப்பாக்கியை அவர் துவக்கு என்பார். ஏன் உள்ளே வருவதில்லை என்று நான் ஒரு முறை கேட்டேன். "அங்க நிண்டு எனக்கு மணக்கிற மணம் உமக்கு மணக்காது தம்பி" என்றார். நான் எண்ணெய் நாற்றத்தைச் சொல்கிறார் என்று நினைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன்.

கதை அர்பாபைப் பற்றியது. இங்கே முதலாளியை, பெரிய மனிதரை, எல்லாரும் அர்பாப் என்றுதான் அழைப்போம். இவர் கிளப்பில் பெரிய மெம்பர். அவருக்கு என்ன தொழில் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவருக்கே சரியாகத் தெரியாது என்பது அண்ணனின் கருத்து. வெள்ளைவெளேரென்ற கந்தூரா அங்கி, கண்ணாடி, ஊத் அத்தர் வாசனை. கார் நிற்பதற்குள்ளேயே வாசனை இறங்கி நடந்து வந்துவிடும்.

அவருக்கு ஒரு பழைய ராணுவ ரைஃபிள் வந்தது. பிரிட்டிஷ்காரன் காலத்து த்ரீ நாட் த்ரீ. நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் சங்கிலியில் கட்டிக் கிடக்குமே, அதன் பங்காளி. ஏதோ ஒரு நாட்டு ராணுவம் வேண்டாம் என்று கழித்துக் கட்டியதை ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கி, துடைத்து, பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தான். பெட்டியின் டேப்பைக் கத்தியால் கீறித் திறந்தவன் நான். உள்ளே ஸ்பாஞ்ச், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம், எல்லாம் இருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் அது அவருடைய தாத்தாவின் துப்பாக்கி ஆகிவிட்டது.

முதலில் 'என் தாத்தாவிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது' என்றார். அடுத்த தடவை விருந்தாளிகளோடு வந்தபோது 'இதே மாதிரி' காணாமல் போனது. அதற்கடுத்து தாத்தா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு லிவா பாலைவனம் பக்கம் ஒட்டகத்தில் போனார். பிறகு ஓநாய் ஒன்று வந்தது. நான் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தைக் குப்பையில் போட்டதை நினைத்துக்கொள்வேன்.

தாத்தா ஓநாயைச் சுட்டது சரி. பேரனால் அசையாத அட்டையைச் சுட முடியவில்லை. குண்டு அட்டைக்கு இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகும், சில சமயம் முன்னால் மண்ணைக் கிளப்பும். முதலில் குண்டின் மேல் பழி போட்டார். புது குண்டு வந்தது. பிறகு காற்று, பிறகு வெயில், பிறகு கண்ணாடிக் கடைக்காரன். எல்லாம் தீர்ந்த பிறகு ரேஞ்ச் மாஸ்டர் அந்தத் துப்பாக்கியை வாங்கி, வெறுமனே விசையை இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கிறது" என்று சொல்லித் தொலைத்தார்.

அவ்வளவுதான். அர்பாப் முகத்தில் நிம்மதி வந்தது. நோயின் பெயர் தெரிந்தவுடன் பாதி குணமாகிவிடுகிற ஆட்கள் உண்டு, அந்த மாதிரி. நேராக என் அறைக் கதவுக்கு வந்தார்.

அவர் என்னோடு பேசுவது ஹிந்தி, அரபி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்த ஒரு பாஷை.

"பாய், ட்ரிகர் காராப். மாஃபி ஸ்மூத்" என்றார். விசை கெட்டுவிட்டது, வழுவழுப்பு இல்லை என்று அர்த்தம். விரலால் காற்றில் இழுத்துக் காட்டினார். பிறகு செல்போனை எடுத்து அதன் கண்ணாடியை மெல்லத் தொட்டார். "இப்படி வேணும். தொட்டால் போதும். கலாஸ்."

"அப்படிச் செய்ய முடியாது அர்பாப். இது ராணுவத் துப்பாக்கி. தொட்டதும் வெடித்தால் ஆபத்து."

"நீ இன்ஜினியர்தானே?"

நான் இன்ஜினியர் இல்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. அந்த ஊரில் யாராவது உங்களை இன்ஜினியர் என்று சொன்னால் மறுக்கிற வழக்கம் கிடையாது.

ரேஞ்ச் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். இந்த வகை விசையில் இரண்டு கட்டம் இருக்கும். முதலில் விரல் லேசாகப் பின்னால் போகும், ஒன்றும் ஆகாது. அங்கே ஒரு தடை வரும். அதில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து, மெல்ல அழுத்தினால்தான் வெடிக்கும். பட்டாளத்துப் பையன்கள் பதற்றத்தில் இழுத்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அர்பாபோ கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தார். "கரகரப்பை மட்டும் எடு. கனத்தைக் குறைக்காதே. மற்றதை அவர் விரல் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் ரேஞ்ச் மாஸ்டர். அவர் விரல் என்ன பார்த்துக்கொள்ளும் என்று இருவருக்குமே தெரியும். சிரிக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பழைய கிரீஸ் தார் போல இறுகிக் கிடந்தது. அதன் மேல் இங்கத்து மாவு மணல். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவியதிலேயே பாதிக் கரகரப்பு போய்விட்டது. மீதிப் பாதி கொக்கியில் இருந்தது. விசையை இழுக்கும்வரை உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்ன இரும்புக் கொக்கி அது. அதன் முகத்தில் எந்தக் காலத்திலோ எந்தப் பட்டாளத்திலோ ஒரு புண்ணியவான் முரட்டு அரத்தைப் போட்டு இழுத்திருந்தான். லென்ஸில் பார்த்தால் உழுத வயல் மாதிரி இருந்தது.

அந்தக் கொக்கியோடு நான் வாழ்ந்த நாட்களை என் மனைவியிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள். அதன் முகத்தைத் தேய்க்கலாம், சாய்வை மாற்றக் கூடாது. சாய்வு கொஞ்சம் பிசகினாலும் துப்பாக்கியின் பின்பக்கம் தரையில் இடித்தாலே தானாக வெடிக்கும். நீல மை தடவி, சேர்த்துப் பார்த்து, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடித்து, எண்ணெய்க் கல் என்கிற நைஸான சாணைக்கல்லில் மூச்சுக்காற்று படுகிற அளவு மட்டும் தேய்த்து, மறுபடி நீல மை. கோயம்புத்தூரில் இதையே பம்புக்குச் செய்தபோது யாரும் நின்று பார்க்கவில்லை. இங்கே அண்ணன் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, கலியாணப் பொம்பிளைக்கு மாதிரி அலங்காரம் நடக்குது."

"ட்ரிகர் கரகரன்னு இருக்குதாமுங்ணா. வழுவழுன்னு பண்ணோணும்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"எங்கட ஊரில எவ்வளவோ துவக்கு பாத்தனான். விசை கரகரக்குது எண்டு ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கேல்லை."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் டம்ளரோடு ஆபீஸ் பக்கம் போன பிறகுதான், அவர் சொன்னது சிரிக்கிற விஷயமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்க ஒன்று கையில் இருப்பது எவ்வளவு வசதி.

முடிந்ததும் மாட்டினேன். குண்டு போடாமல் ஸ்பிரிங்கை மட்டும் ஏற்றி, ரப்பர் சுத்தியலால் நாலாபக்கமும் தட்டினேன், பின்பக்கத்தைப் பாயில் இடித்தேன். அசையவில்லை. விசையை இழுத்தேன். முதல் கட்டம் வெண்ணெயில் போவது போலப் போய் நின்றது. மெல்ல அழுத்தினேன். பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிகிற மாதிரி ஒடிந்தது. சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சுகம் தெரியும். நான் திரும்பத் திரும்ப ஏற்றி இழுத்துக்கொண்டே இருந்தேன். ரேஞ்ச் மாஸ்டர் எடுத்துப்போய்ச் சுட்டுவிட்டு வந்து, அட்டையை என் மேஜையில் வைத்தார். ஓட்டைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாக இருந்தன. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இங்கிலீஷ்காரன் தோளைத் தட்டுவது சாதாரணம் இல்லை என்று அன்று எல்லாரிடமும் சொன்னேன். தொழிலாளர் கேம்ப்பில் என் அறை நண்பர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டார்கள், வேறு வழியில்லாமல்.

அர்பாப் தன் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவியின் தம்பி. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒரு போட்டி இருப்பது பார்த்தாலே தெரியும். அக்காள் கணவர் பெரிய கார் வாங்கினால் இவர் அதைவிடப் பெரிய கார் வாங்கி, 'சும்மா வாங்கினேன்' என்று சொல்கிற வகை.

அர்பாப் வெறுமனே இழுத்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். படுத்தார். சுட்டார்.

மண் கிளம்பியது. அடுத்தது அட்டைக்கு மேலே போனது. அதற்கடுத்தது எங்கே போனது என்று அந்த ஓநாய்க்கும் தெரியாது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ரேஞ்ச் மாஸ்டர், கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துவிட்டதைச் சொல்ல வேண்டியவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்றார் மைத்துனர்.

அவர் படுத்தார். ரேஞ்ச் மாஸ்டர் சொன்னபடி நிறுத்தி, மூச்சைப் பிடித்து, அழுத்தினார். நடுவில் பட்டது. மறுபடியும் பட்டது. "ரொம்ப நல்ல ட்ரிகர்" என்றார், ஒரு மைத்துனர் எப்படிச் சொல்வாரோ அப்படி.

நான் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலைகளில் அது ஒன்று. அதனால் ஒரு மனிதர் அவ்வளவு துயரப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு இத்தனை நாள் ஒரு காரணம் இருந்தது. அதை நான் எண்ணெய்க் கல்லில் தேய்த்து எடுத்துவிட்டேன்.

அர்பாப் என் அறைக்கு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"பாய், இது என்ன செய்தாய்? முன்னால் ட்ரிகர் பலமாக இருந்தது. ஆண்பிள்ளை ட்ரிகர். இப்போது இது பெண்களுக்கு ஆனது."

கிளப்புக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அவரைவிட நன்றாகச் சுடுவார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

"நீங்கதானே ஸ்மூத் வேணும்னு சொன்னீங்க, அர்பாப்?"

"இது என் தாத்தா இழுத்த விசை. அதை மாற்றக் கூடாது. பழைய மாதிரி ஆக்கு. யல்லா."

ரேஞ்ச் மாஸ்டரிடம் போய் நின்றேன். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேற்கூரையைப் பார்த்தார். "உதிரிப் பெட்டியில் பழைய கொக்கி இருக்கும். எதில் பாதுகாப்பு சரியாக இருக்கிறதோ, ஆனால் இழுப்பு மோசமாக இருக்கிறதோ, அதைப் போடு" என்றார். பிறகு, "இப்படி ஒரு உத்தரவை நான் ராணுவத்தில்கூடக் கொடுத்ததில்லை" என்றும் சொன்னார்.

ஒரு ஃபைன் மெக்கானிக் உட்கார்ந்து, ஒவ்வொரு கொக்கியாக மாட்டி, எது அதிகம் கரகரக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் ஒன்று கிடைத்தது. பாதுகாப்பில் குறையில்லை, தட்டினாலும் இடித்தாலும் அசையாது. இழுத்தால் மட்டும் மணலில் மாட்டுவண்டி போகிற மாதிரி. அதை மாட்டிக் கொடுத்தேன். அர்பாப் இழுத்துப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்" என்றார். எனக்கு ஒரு அத்தர் குப்பி கொடுத்தார். நான் மெருகேற்றிய கொக்கி, கிளப் வாடகைக்குக் கொடுக்கிற அதே ரகத் துப்பாக்கி ஒன்றுக்குள் போனது. சுற்றுலா வருகிறவர்கள் அதைச் சுட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போகிறார்கள். யாரும் கொக்கியைப் பற்றிக் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு அவர் அதைச் சுடவே இல்லை. வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் அறைச் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவைக்க அனுமதி வாங்கினார். துப்பாக்கியை ஒப்படைக்க ஒரு வெள்ளிக்கிழமை மதியம் காகிதங்களோடு அண்ணனும், மாட்டிக்கொடுக்க நானும் கிளப் டிரைவரின் வண்டியில் போனோம். அண்ணன் வழி நெடுகத் துப்பாக்கி வைத்திருந்த பெட்டிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

மஜ்லிஸ் நிறையப் பெரியவர்கள். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். பெரிய தட்டில் சோறும் ஆட்டுக்கறியும் வந்தது. சாப்பாட்டுக்கு நடுவே அர்பாப் எழுந்து துப்பாக்கியை எடுத்து, குண்டு இல்லை என்று எல்லாருக்கும் காட்டிவிட்டு, ஒரு கிழவரிடம் கொடுத்தார்.

"இழுத்துப் பாருங்கள். என் தாத்தா ஒற்றை விரலால் இழுத்தது."

கிழவர் இழுத்தார். கரகரவென்று போய் நடுவில் நின்றது. முடியாது என்று தலையை ஆட்டி அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். மைத்துனரிடம் வந்தது. இதே துப்பாக்கியில் நட்டநடுவில் சுட்ட மனிதர் அவர். துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காள் கணவரைப் பார்த்தார். ஏதோ பெரிய நிலம் ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கப்போவதாக அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

"என்னாலும் முடியவில்லை" என்றார் மைத்துனர்.

அர்பாப் என் பக்கம் கை நீட்டினார். "இதோ, இந்தியாவிலிருந்து வந்த இன்ஜினியர். பெரிய இன்ஜினியர். இதை மிருதுவாக்க எவ்வளவோ பாடுபட்டான். முடியவில்லை. தாத்தாவின் இரும்பு. சொல் பாய், முடிந்ததா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் சோறு இருந்தது. அது ஒரு விதத்தில் உதவி.

முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். கிழவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவைத்தார். காகிதத்தின் நம்பர் சரிதானே, இது தாத்தாவுடையதுதானே என்று யாரோ அண்ணனிடமும் கேட்டார்கள். அவரும் பவ்யமாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கரக் சாயா வாங்கினோம்.

"நல்லாத் தலையாட்டினீர் தம்பி."

"நீங்களும்தானுங்ணா ஆட்டுனீங்க."

"நான் சாப்பாட்டுக்கு ஆட்டினனான். நீர் ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீர்? ஒரு துவக்கு சுடாமல் சுவரில தொங்கப்போகுது. நல்ல விசயம்தானே."

"அது சரீங்ணா. ஆனா அந்தக் கொக்கி எப்படி இருந்துச்சு தெரியுங்ளா? கண்ணாடி. மொகம் பாக்கலாம். அதைப் போயி முடியலைன்னு..."

"ஓம், ஓம். கண்ணாடி. குடியும், ஆறப்போகுது."

நான் குடிக்கவில்லை. எண்ணெய்க் கல்லை எந்தப் பக்கமாகப் பிடித்தேன், நீல மையை எவ்வளவு மெல்லிசாகத் தடவினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முஸஃபா கேம்ப் வாசலில் நான் இறங்கும்போது அண்ணன் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். அல்லது தூங்குவது போல இருந்தார்.